ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே வாலிபர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசவேண்டுமெனச் செயற்குழுவினர் எம்மைப் பணித்தபோது, சமய சம்பந்தமான பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பார்கள். நாமோ எமது ஊரின் ஆரம்ப பாடசாலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். பல்கலைக்கழகத்திற் படிக்கிற பிள்ளை அரிவரியைப் பற்றியா பேசப்போகிறது என்று ஒரு பெரியவர் சிரித்தார். மிஷன் பாடசாலையிற் படித்த பிள்ளைக்குச் சைவ மேடையில் வேறென்ன பேசத் தெரியும் என்று இன்னொருவர் பகிடியாகச் சொன்னதும் காதில் விழுந்தது. அந்த இரண்டாவது வார்த்தைக்கு முதலில் மறுமொழி சொல்லிவிட்டு அப்பாற் செல்வோம்.

ஆறாம் வகுப்பு முதலாக நாம் பட்டினத்திலுள்ள மிஷன் பாடசாலையொன்றிலே கற்றோம் என்பது உண்மை. அங்கே ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றோம். மணியடித்தால் அந்த நிமிடமே வரிசையில் நிற்கவும் கற்றோம். அந்த நன்றி எமக்கு உண்டு. நாவலர் பெருமானும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தவர் என்பதைச் சபையோர் அறிவீர்கள். அங்கே கண்ட நல்லவற்றை அவர் விட்டுவரவில்லை. வகுப்புப் பிரித்தல், அச்சிட்ட பாடப் புத்தகம் என்பவற்றையெல்லாம் கூடவே கொண்டு வந்தார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை அவரே எழுதினார். இலக்கண இலக்கியக் கடலைக் கடந்த ஒருவர், ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல் விளங்கும், எந்தச் சொல் விளங்காது என்று இருந்து யோசித்திருக்கிறார். அரிவரியைப் பற்றிப் பேசுவது சிறுமையென்று சொன்ன பெரியவருக்கும் இதுவே எமது விடை.

இனி எமது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கோயில் வீதிக்குப் பின்புறம், பனங்கூடலைத் தாண்டி, ஒரு நீண்ட மண்டபம். இடையிலே சுவர் இல்லை. இரண்டாம் வகுப்பின் முதுகும் மூன்றாம் வகுப்பின் முதுகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆசிரியர்கள் போதாத காலங்களில் ஓர் ஆசிரியை இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். இப்பக்கத்துக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு அப்பக்கத்துக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சந்தை இரைச்சல். உள்ளே இருந்த எமக்கோ அடுத்த ஆண்டுப் பாடம் இந்த ஆண்டே காதில் விழுந்துகொண்டிருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை எமக்குப் பழக்கியவர் ஆசிரியையல்லர். நான்காம் வகுப்பிற் படித்த ஓர் அக்கா. பிழைவிட்டால் குட்டு விழும். இன்றைக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லும்போது தலை தானாகக் குனிகிறது.

பிள்ளையைப் பிள்ளை பழக்கும் இந்த முறை வறுமையால் வந்த சமாளிப்பு என்றே பலர் எண்ணுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்திரூ பெல் என்னும் பாதிரியார் சென்னை எழும்பூரிலே, படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றை மேற்பார்த்து வந்தார். நாட்டுப் பள்ளிக்கூடமொன்றின் பக்கமாக அவர் சென்றபோது, பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது பாடசாலையிலும் மணலைப் பரப்பினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் அதைப்பற்றி இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணையில் இருந்த எங்கள் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனார் என்று சொன்னால் மிகையாகாது. மிஷன் பாடசாலை எமக்குத் தந்ததைச் சொன்னோம். நம்மவரின் திண்ணை அவர்களுக்குக் கொடுத்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

மதிய உணவு நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி தரவேண்டும். தாய்மார் முறை வைத்துச் சமைப்பார்கள். சோறு, பருப்பு, கீரை. சில நாட்களில் முட்டை. முட்டை நாளென்றால் வரவு கூடும் என்பதை இடாப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாம் ஐந்தாம் வகுப்பிற் படித்தபோது ஒருநாள் முட்டை குறைந்துவிட்டது. வந்திருந்த பிள்ளைகள் முப்பத்தைந்து பேர். அவித்த முட்டை இருபத்தெட்டு. சமைத்த தாய்க்கு முகம் வாடிவிட்டது. தலைமையாசிரியர் கோபிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பைக் கூப்பிட்டு, "கணக்கைச் செய்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு சாப்பாடு" என்றார்.

ஒருவன் எல்லாருக்கும் பாதி என்றான். அப்படியானால் பதினேழரை முட்டைதான் செலவாகும், மிச்சம் யாருக்கு என்று கேட்டார். இன்னொருத்தி முந்தி வந்தவர்களுக்கு முழு முட்டை, பிந்தியவர்களுக்கு இல்லை என்றாள். அவள் சொன்னது சட்டப்படி சரிபோலத் தோன்றினாலும், அரிவரிப் பிள்ளைகள் எப்போதும் வரிசையின் கடைசியிலே நிற்பவர்கள். கடைசியில் மணலிலே கோடு கீறிப் பார்த்தோம். பதினான்கு பேர் பாதியாக எடுத்தால் ஏழு முட்டை, மீதி இருபத்தொரு பேருக்கு இருபத்தொரு முட்டை, ஆகக்கூடி இருபத்தெட்டு. அந்தப் பதினான்கு பேர் யார்? நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்தால் அன்றைக்குச் சரியாகப் பதினான்கு தலை. தலைமையாசிரியர் ஒன்றுமே சொல்லாமல் கத்தியை நீட்டினார்.

அன்று தியாகிகளாக வீட்டுக்குப் போனோம் என்று நினைத்துவிடாதீர்கள். அரை முட்டைதான் கிடைத்தது என்று அம்மாவிடம் முறைப்பாடு செய்தோம். ஆனால் பின்னர் பட்டினத்திலே எத்தனையோ சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறோம். அவற்றில் ஒன்றாவது அந்த மணற்கோட்டைப்போல மனதில் நிற்கவில்லை. அந்தக் கணக்கின் விடைக்குள்ளே நாமும் இருந்தோம். சிறியவர்களும் இருந்தார்கள்.

இப்படி ஒரே பந்தியில் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்து உண்பது எளிதாக வந்துவிட்ட காரியமன்று. இதை இளைஞர்களாகிய நாம் அறிந்துகொள்வதில்லை. பெரியோர்கள் அறிந்தும் பேசுவதில்லை. முற்காலத்திலே மிஷன் பாடசாலையானாலும் சரி, சைவப் பாடசாலையானாலும் சரி, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இடம் இருக்கவில்லை. சிலருக்கு வாங்கு, சிலருக்கு நிலம். சிலருக்குப் படலையே திறக்கவில்லை. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் கொடுக்கவேண்டுமென்று அரசாங்கம் வற்புறுத்திய 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்திலே பெரும் எதிர்ப்பு எழுந்தது. மனுக்கள் எழுதினார்கள், பிள்ளைகளை மறித்தார்கள். சில பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீயும் வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் ஏறி இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்த மண் இது.

அதே காலத்தில் வேறுவிதமான வாலிபர்களும் இம்மண்ணில் இருந்தார்கள் என்பதும் ஆறுதலே. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கத்தார் சாதி வேற்றுமையை வெளிப்படையாகக் கண்டித்தார்கள்; தாய்மொழிக் கல்வி வேண்டுமென்றார்கள்; 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றார்கள். அவர்களின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர், அதாவது மிஷன் பாடசாலைப் பிள்ளை. பகிடி சொன்ன ஐயா இதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கீழ் வந்தன. இவற்றால் விளைந்த நன்மைகளை மறுப்பவர் யாருமிலர். ஆனால் ஒன்றையும் இழந்தோம். முன்பெல்லாம் கூரை ஒழுகினால் ஊரார் கிடுகு கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்தும் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்கள் உண்டு. அரசாங்கம் ஏற்ற பின்னர், கூரை ஒழுகினால் கடிதம் எழுதுவதே எமது கடமையென்றாயிற்று.

எப்போதும் அப்படியே இருந்துவிட்டோம் என்றும் சொல்லமுடியாது. 1995ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது எமது ஊரும் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள், தங்கள் வீட்டுக்கு ஓடு போடுமுன் பள்ளிக்கூடத்துக் கிணற்றை இறைத்தார்கள் என்று எமது தகப்பனார் சொல்வார். வாங்குகள் விறகாகிவிட்டிருந்தன. பிள்ளைகள் சாக்கின் மேல் இருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சாக்கின் மேல்தான்.

இன்று என்ன நிலை? அரிவரியிலே நான்கு பிள்ளைகள். காலை ஆறரைக்குச் சந்தியில் நின்று பாருங்கள். மூன்று வான்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டினம் போகின்றன. ஐந்து வயதுப் பிள்ளை நித்திரைக் கண்ணோடு கண்ணாடியிற் தலை சாய்ந்து கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் புலமைப்பரிசிற் பரீட்சை என்கிறார்கள். இரண்டு வினாத்தாள், இருநூறு புள்ளி. வசதியற்ற பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் படலையைத் திறந்துவிட வந்த பரீட்சை, இப்போது மூன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளையை ரியூசன் கொட்டிலுக்குத் துரத்துகிறது. இந்தக் காரணத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை உண்டு; பெற்றோரின் பயமும் உண்மையானது.

ஆனால் அது முழுக் காரணமன்று. மற்றக் காரணத்தை யாரும் மேடையிற் சொல்வதில்லை. திண்ணையிலே தாழ்ந்த குரலிற் சொல்வார்கள். "அங்கே இப்ப ஆர் படிக்கிறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பொருள் இச்சபையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். குளத்துக்கு அப்பாலுள்ள குறிச்சியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பதே அதன் பொருள். அன்று கொட்டிலுக்குத் தீ வைத்தார்கள். இன்று வான் பிடிக்கிறோம். தீயென்றால் பொலிசார் வருவார்கள். வானுக்கு மாதக் காசு கொடுத்தாற் போதும்.

வான் பிடிக்கிறோம் என்று நாம் எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். எமது தங்கை அந்த வான்களில் ஒன்றிலேதான் போகிறாள். எமக்கு ஏழாம் வாய்ப்பாடு பழக்கிய அந்த அக்கா குளத்துக்கு அப்பாலிருந்து வந்தவர். இன்று அவருடைய மகன் அந்த நால்வரில் ஒருவன். அவனுடைய வாங்கில் இடம் தாராளமாக இருக்கிறது. சென்ற மாதம் இந்த உரையை எழுதத் தொடங்கியபோதுதான் இது மனதில் தைத்தது. அதற்கு முன்னர் தைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகவே இருக்கிறது. வீட்டிலே பேசினோம். அம்மா உடன்படவில்லை. அவளுடைய புள்ளி குறைந்தால் நீ பொறுப்பா என்று கேட்டார். பொறுப்பு என்று சொன்னோம். எப்படிப் பொறுப்பு என்று கேட்டார். அதற்கு மறுமொழியாகவே ஒரு யோசனையை இச்சபையின் முன் வைக்கிறோம்.

இச்சங்கத்திலே பல்கலைக்கழகத்திலும் கல்வியியற் கல்லூரியிலும் படிப்பவர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் முறை வைத்து மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு நாம் படிப்பிக்கலாம். சங்க மண்டபத்தில் வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியரிடம் கேட்டாயிற்று, திறப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இது எளிதான பகுதி. வருகிற தை மாதத்திலே, ஆரம்ப வகுப்பு வயதில் பிள்ளைகளோ தம்பி தங்கையரோ உள்ள சங்க அங்கத்தவர்கள் அவர்களை இப்பள்ளிக்கூடத்திற் சேர்க்கவேண்டும் என்பதே கடினமான பகுதி. இதை விதியாக்கும்படி நாம் கேட்கவில்லை. செயற்குழுவில் உள்ளவர்கள் முதலில் தத்தம் வீட்டிற் பேசிப் பார்க்கட்டும். எமது வீட்டிலே பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் வானுக்கு அடுத்த தவணைக் காசு இன்னும் கட்டவில்லை.

பெரியோர்களிடத்தும் ஒரு விண்ணப்பம். விசயதசமிக்குக் கோயிலிலே ஏடு தொடக்குவது வழக்கம். இம்முறை கோயிலில் ஆனபின்னர் தட்டத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வரவேண்டும். அந்த நான்கு பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். எந்தப் பெரியவர் எந்தப் பிள்ளையின் விரலைப் பிடிப்பது என்று முன்கூட்டியே பட்டியல் எழுதவேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வரிசைப்படி பிடிக்கலாம்.

வாங்கொன்று கால் முறிந்து மூலையிற் கிடக்கிறது. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சிரமதானம். தச்சுவேலை தெரிந்தவர்கள் சுத்தியலும் ஆணியும் கொண்டுவரவேண்டும். ஏனையோர் மண்வெட்டி கொண்டுவந்தாற் போதும். தேநீர் சங்கத்தினுடையது.