எல்லையிலே மரியாதை, பள்ளியிலே தண்டனை!

தோழர்களே!

தென் அமெரிக்காவின் நடுவிலே, கடற்கரை இல்லாத நாடொன்று உண்டு. பராகுவே என்பது அதன் பெயர். மெக்சிகோ முதல் சிலி வரையில், ஸ்பெயின் ஆண்ட மண்ணிலெல்லாம் ஆள வந்தோர் மொழி அரியணை ஏறிற்று. ஆளப்பட்டோர் மொழி மலைக்கும் காட்டுக்கும் ஒதுங்கிற்று. பராகுவேயில் நடந்ததோ வேறு! அந்நாட்டுக் கடைவீதியிலே நின்று பாருங்கள். ஸ்பானியப் பெயர் தாங்கியவர், பழங்குடி என்று தம்மை ஒருநாளும் சொல்லிக்கொள்ளாதவர், பேரம் பேசுவது குவரானி என்னும் பழங்குடி மொழியிலே!

எப்படி நேர்ந்தது இந்த விந்தை?

1537ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், அசுன்சியோன் கோட்டையை எழுப்பினர் ஸ்பானியர். பொன்னும் வெள்ளியும் தேடி வந்தவர்கள் அவர்கள். அந்த மண்ணிலே பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆகவே பின்னால் பெருங்கூட்டம் வரவில்லை. வந்த சிலர் குவரானிப் பெண்களைக் கைப்பிடித்தனர். கைப்பிடித்தனர் என்பது நாகரிகம் கருதிச் சொல்லும் சொல். கவர்ந்து சென்றதும் உண்டு, கட்டாயப்படுத்தியதும் உண்டு. பிறந்த பிள்ளை தந்தையிடம் பெயரைப் பெற்றது. தாயிடம் மொழியைப் பெற்றது. வாளேந்தியவன் வாசலை ஆண்டான். தாலாட்டியவள் நாவை ஆண்டாள்!

ஏசு சபைப் பாதிரிமார் வந்தனர். மதம் பரப்பவே மொழி பயின்றனர். அவருள் ஒருவர், ருயிஸ் தெ மொந்தோயா, 1639இல் மாட்ரிட் நகரிலே குவரானி அகராதியை அச்சேற்றினார். 1767இல் ஸ்பெயின் மன்னன் அவர்களை வெளியேற்ற ஆணையிட்டான். பாதிரிமார் போயினர். மொழி போகவில்லை.

1811இல் விடுதலை வந்தது. அன்னியன் அகன்றான், இனி அன்னையின் மொழிக்கு ஆட்சிதான் என்று எண்ணுவீர்கள். பொறுங்கள்! 1848இல் அதிபர் கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். 21 பழங்குடி ஊர்களின் மக்கள் இனிக் குடியரசின் குடிமக்கள் என்றது அந்த ஆணை. கேட்க இனிக்கிறது அல்லவா? அதே ஆணையின்படி அவ்வூர்களின் பொது நிலமும் கால்நடையும் அரசின் உடைமையாயின. பட்டம் அவர்கள் கையிலே, பட்டா அரசின் பையிலே!

பிறகு மூண்டது பெரும்போர். 1864 முதல் 1870 வரையில் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே என மூன்று நாடுகளை எதிர்த்து நின்றது பராகுவே. அப்போது ஆளவந்தார்க்கு அந்த மொழி நினைவுக்கு வந்தது! 1867இல் படைவீரர்க்கென்றே குவரானியில் இதழ்கள் அச்சாயின. 1869 ஆகஸ்டு 16ஆம் நாள், அக்கோஸ்தா ஞு களத்திலே, பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதுச் சிறுவர்கள் படையாக நின்று மடிந்தனர். நாட்டு மக்களில் பாதிக்கு மேல் மாண்டனர் என்பார் பலர்; குறைத்துச் சொல்வாரும் உண்டு. ஆண்மக்களின் அழிவு மிகப் பெரிது என்பதிலே ஐயமில்லை. எஞ்சிய பெண்கள் ஏர் பிடித்தனர், இடிந்த வீட்டைக் கட்டினர், பிள்ளைகளுக்குக் குவரானியிலேயே கதை சொன்னார்கள்.

அந்தத் தாய்மார்களுக்கு அரசு தந்த பரிசு என்ன தெரியுமா? போருக்குப் பின் வந்தவர்கள் பள்ளியிலே குவரானி கூடாது என்று தடுத்தனர். அது நாகரிகத்துக்குத் தடையாம்!

1932இல் மீண்டும் போர். இம்முறை சாக்கோ நிலப்பரப்புக்காகப் பொலிவியாவுடன். நாடகம் எழுதுகிறவன் நான்; ஆதலால் இரண்டு காட்சிகளாக்கிக் காட்டுகிறேன். பாத்திரங்கள் கற்பனை, நடப்போ வரலாறு.

முதற் காட்சி: போர்முனை. கம்பித் தொலைபேசியின் முன் ஒரு வீரன். "ஸ்பானிய மொழியில் பேசாதே! பொலிவியர்க்கும் அது தெரியும். குவரானியில் பேசு!" என்கிறார் அதிகாரி. வீரன் பேசுகிறான். எதிரி ஒட்டுக்கேட்கிறான், ஒன்றும் விளங்காமல் விழிக்கிறான்.

இரண்டாம் காட்சி: அதே நாள், அந்த வீரனின் ஊர்ப் பள்ளி. "ஐயா, தண்ணீர் குடிக்கப் போகலாமா?" என்று அவன் மகன் குவரானியிலே கேட்கிறான். "அந்த மொழியா பேசுகிறாய்? எழுந்து நில்!" என்கிறார் ஆசிரியர். தண்டனை!

தந்தை பேசினால் நாட்டுப்பற்று. மகன் பேசினால் குற்றம்! சாவதற்கு வேண்டும் அந்த மொழி, படிப்பதற்கு வேண்டாமா?

போர் முடிந்தது. 1943இல் நாணயத்துக்கே குவரானி என்று பெயரிட்டனர். நாணயத்தில் பெயர் ஏறிற்று, நீதிமன்றத்தில் ஏறவில்லை. 1954 முதல் 1989 வரை கொடுங்கோல் செலுத்தினார் ஸ்ட்ரோஸ்னர். அவர் காலத்து 1967ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குவரானியையும் தேசிய மொழி என்று புகழ்ந்தது. ஆட்சி மொழி ஸ்பானியம் மட்டுமே என்று அடுத்த மூச்சில் முடித்தது. அதே ஆட்சியில், குவரானிக்கு உறவான மொழி பேசும் ஆச்சே பழங்குடியினர் கிழக்குக் காடுகளிலே வேட்டையாடப்பட்டனர். அவர்தம் குழந்தைகள் விற்கப்பட்டனர். மொழிக்கு மாலை, மக்களுக்கு வேட்டை!

1989இல் சர்வாதிகாரி வீழ்ந்தார். 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 140ஆம் பிரிவு குவரானியை ஸ்பானியத்துக்கு இணையான ஆட்சி மொழியாக்கிற்று. பள்ளியின் தொடக்கம் தாய்மொழியிலே என்றது 77ஆம் பிரிவு. 2010இல் மொழிச் சட்டமும் வந்தது. எளிய வெற்றியன்று இது. பாராட்டுவோம்!

பாராட்டிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்போம். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி பராகுவேயின் பழங்குடியினர் ஏறத்தாழ 1,40,000 பேர். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அவர்தம் காடுகள் சோயா வயல்களாகவும் மாட்டுப் பண்ணைகளாகவும் மாறின. நிலம் இழந்தவர் பலர் தலைநகரின் தெருவோரம் வந்து கிடக்கின்றனர். அவர்தம் முன்னோர் மொழியிலே நாடே பேசுகிறது. அவர்களோடு பேசத்தான் நேரமில்லை!

தோழர்களே! தேசியம் பேசுகிறவர் எவராயினும், எந்நாட்டவராயினும், இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். மொழியை வாழ்த்துகிறார்களா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதைப் பேசும் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா, பேசும் ஏழைக்கு நீதிமன்றத்தில் செவி உண்டா, பேசும் உழவனுக்கு நிலம் உண்டா என்று கேளுங்கள். ஆபத்து வந்தபோது மட்டும் அன்னையைத் தேடும் பிள்ளையைப் பாசமுள்ளவன் என்று எவர் சொல்வார்?

குவரானி பிழைத்தது சட்டத்தால் அன்று, தாய்மாரால். சட்டம் வந்து சேர 455 ஆண்டுகள் ஆயின. அந்தத் தாய்மாரின் வழிவந்தோர்க்கு நிலம் வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள்? பராகுவே விடை சொல்லட்டும்!