பாம்பு கடித்தால்: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



களை எடுக்கப் போறோம், விறகு பொறுக்கப் போறோம். பாம்பு நமக்குப் புதுசு இல்லை. கொம்பேறிமூக்கன் கடிச்சா, மரத்தில் ஏறிச் சுடுகாட்டில் புகை வருதான்னு பார்க்கும்னு சொல்லுவாங்க. அது வெறும் கதை. கொம்பேறிமூக்கன், சாரை, தண்ணீர்ப்பாம்பு எதுவும் கடித்து ஆளைக் கொல்லாது. பல் பட்ட இடத்தில் ரத்தம் கசியும், வலிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசி போட்டு, சீழ் பிடிக்காமல் பார்த்துக்கிட்டால் ஆறிடும்.

ஆனால், ‘இது விஷமில்லாத பாம்பு’ன்னு நாமே முடிவு பண்ணக் கூடாது. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும், கொடிய கட்டுவிரியனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கட்டுவிரியன் கடிச்ச இடத்தில் வலியோ வீக்கமோ பெரிசா இருக்காது. சில மணி நேரம் கழித்து இமை சொருகும், மூச்சு முட்டும்.

அதனால் எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வைத்து உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி வரத் தாமதமானால் சங்கச் சேமிப்பில் எடுத்து ஆட்டோ பிடிங்க. அதுக்குத்தானே சேர்த்து வைக்கிறோம்! விஷமில்லைன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நிம்மதியா வீட்டுக்கு வரலாம்.