பள்ளிக்கூடம் ஒன்னாச்சு, வாத்தியாருக்கு வேலை போச்சு

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் கறுப்பர் போராட்டம்னு சொன்னா நமக்கு மார்ட்டின் லூதர் கிங் தெரியும், மால்கம் எக்ஸ் தெரியும். 1972இல் மகாராஷ்டிரத்துத் தோழர்கள் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தபோது அந்தப் பெயரே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் போராட்டத்தில் சத்தமில்லாமல் காவு கொடுக்கப்பட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. கறுப்பு வாத்தியார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

1954 மே 17. பள்ளிகளில் நிறவாரியான பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு என்று அதற்குப் பெயர். மகத்தான தீர்ப்பு, சந்தேகமே இல்லை. அந்த நேரத்தில் சுமார் 82,000 கறுப்பு ஆசிரியர்கள் 20 லட்சம் கறுப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தெற்கு மாநிலங்களில் படித்த கறுப்பருக்குத் திறந்திருந்த ஒருசில வேலைகளில் வாத்தியார் வேலை முக்கியமானது. சேரியில் முதலில் படித்தவர் வாத்தியாராகப் போன கதை நமக்குத் தெரியாததா?

தீர்ப்பு வந்தது. பள்ளிகளை ஒன்றாக்கச் சொன்னது. எப்படி ஒன்றாக்கினார்கள்? கறுப்புப் பள்ளியை இழுத்து மூடினார்கள். பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வாத்தியார்? அவர் வீட்டுக்குப் போகலாம். தெற்கிலும் அதன் எல்லையிலும் இருந்த 17 மாநிலங்களில், தீர்ப்புக்குப் பிந்தைய பத்துப் பதினோரு ஆண்டுகளில், சுமார் 38,000 கறுப்பு ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வழக்கு தொடங்கிய ஊர் டொபீகா. தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஆண்டே, 1953 மார்ச்சிலேயே, அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் கறுப்பு ஆசிரியைகளுக்குக் கடிதம் எழுதியது. பிரிவினை ஒழிந்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கு வேலை தர முடியாமல் போகலாம், வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பர் பாடம் நடத்துவதை ஊரில் பெரும்பான்மையோர் விரும்ப மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். மிசௌரி மாநிலத்தில் மோபர்லி என்றொரு ஊர். 1955இல் பள்ளிகளை ஒன்றாக்கியபோது அங்கிருந்த 11 கறுப்பு ஆசிரியர்களில் ஒருவரைக்கூட மீண்டும் எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். தகுதியைப் பார்த்தோம், நிறத்தைப் பார்க்கவில்லை என்றது நிர்வாகம். 1959இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பதினோரு பேரில் ஒருத்தருக்குக்கூடவா தகுதி இல்லாமப் போச்சு?

இந்தத் 'தகுதி' என்கிற வார்த்தை எங்கே போனாலும் நம்மைத் துரத்துகிறது. தென் கரோலினாவில் கறுப்பு ஆசிரியர்கள் சம சம்பளம் கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். உடனே, 1945இல், தேசிய ஆசிரியர் தேர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்து அந்த மதிப்பெண்ணை வைத்துச் சம்பளம் என்றார்கள். காலம் காலமாக ஏழைப் பள்ளியிலும் ஏழைக் கல்லூரியிலும் படிக்க வைத்துவிட்டு, ஒரே கேள்வித்தாளை நீட்டினால் அது சமத்துவமாம். பிறகு அதே தேர்வு வேலைக்கான வாசலிலும் வந்து நின்றது. 1978இல் உச்சநீதிமன்றமும் அதற்குச் சம்மதம் கொடுத்தது.

சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேறு வகை தண்டனை. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர். நகரத்தில் கறுப்புப் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளிகளில்கூட அன்று வெள்ளையர்தான் ஆசிரியர். அதனால் 1916இல் ஒரு தீவுப் பள்ளிக்கு வேலைக்குப் போனார். பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய இயக்கத்தில் சேர்ந்தார். 1920இல் நகரப் பள்ளிகளின் கதவு கறுப்பு ஆசிரியர்களுக்குத் திறந்தது. 1956இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் போட்டது: அரசு ஊழியர் யாரும் கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் இருக்கக் கூடாது. கிளார்க் மறைக்கவில்லை. நாற்பது வருட வேலை போனது. பென்ஷனும் போனது. சட்டத்தை எதிர்க்கலாம் வாருங்கள் என்று 726 கறுப்பு ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர்தான். அந்தப் பயத்தை நாம் கேலி செய்ய வேண்டாம். மாதச் சம்பளம் ஒரு முழுக் குடும்பத்தையே தாங்குகிறபோது பயம் வரத்தான் செய்யும். கிளார்க் அதன்பின் வயது வந்தோருக்குக் குடியுரிமைப் பள்ளிகள் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்ற சட்டத்தை உடைக்க ஆயிரக்கணக்கானோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பள்ளிகள்தான்.

இன்றைக்கு நிலைமை என்ன? 2020-21 கணக்குப்படி அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 80 சதவீதம் வெள்ளையர். கறுப்பர் 6 சதவீதம்தான். மாணவர்களிலோ கறுப்பர் சுமார் 15 சதவீதம். டென்னசியில் செய்த ஓர் ஆய்வு, மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பு ஆசிரியரிடம் படித்த கறுப்புக் குழந்தைகூடக் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு 13 சதவீதம் கூடியதாகக் காட்டியது. ஒரே ஓர் ஆசிரியர், தோழர்களே.

அங்கேயும் இப்போது 'ஆள் எடுங்கள், ஆள் எடுங்கள்' என்கிறார்கள். எடுக்கவும் செய்கிறார்கள். நிற்பதில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சொல்வது: சம்பளம் மட்டும் காரணமில்லை. கஷ்டமான பள்ளிக்கு அனுப்புவார்கள். முடிவெடுப்பதில் சேர்க்க மாட்டார்கள். முரட்டுப் பையனா, கறுப்பு வாத்தியாரிடம் தள்ளு. கண்டிப்பு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டு, பாடம் நடத்தத் தெரிந்தவராக அவரை மதிப்பதில்லை. போதாததற்கு மொத்தமாகத் துடைத்தெடுப்பதும் உண்டு. 2005இல் நியூ ஆர்லியன்சில் கத்ரினா புயல் அடித்தது. அதைச் சாக்காக வைத்து 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை நீக்கினார்கள். அந்த நகரத்து ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் கறுப்பர்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே இடஒதுக்கீடு இருக்கிறது. பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1. அமெரிக்கக் கறுப்பருக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் வாசலில் தேர்வு நிற்கிறது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தபோது எல்லோருக்கும் 60 சதவீதம் என்றார்கள். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து சதவீதம் தளர்த்த 2014 ஆகிவிட்டது. அதையும் எதிர்த்து வழக்கு. 2016இல்தான் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் வயது ஏறியவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இவற்றையும் மற்றத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நம்மில் ஒருசாரார் சரி என்றோம். தனிப் பள்ளி என்பது பெயர்ப் பலகையிலேயே சாதி எழுதி மாட்டுவதுதானே என்றோம். இன்னொரு சாரார், கூடாது, இருப்பதும் போய்விடும் என்றோம். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பிரவுன் தீர்ப்பு நமக்குச் சொல்வது வேறொன்று. ஒன்றாக்குவது சரியா தப்பா என்று மட்டும் கேட்டால் போதாது. ஒன்றாக்குகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? மூடப்படுகிற பள்ளி யாருடையது? தலைமையாசிரியர் நாற்காலி யாருக்குப் போகும்? அன்றைக்கு அங்கே இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கவில்லை. நீக்குவதற்கு நிறம் பாராத அளவுகோல் வேண்டும் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டமாகச் சொல்ல 1969 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் வாத்தியார்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றது. நல்ல பரிந்துரை. யார் இருக்கக் கூடாது என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. யார் இருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். வெளியூருக்கு வேலைக்குப் போகிற நம்ம டீச்சருக்கு வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் டம்ளர் பார்க்காமல் டீ கிடைக்க வேண்டும். பெற்றோர் வந்து சாதி விசாரித்தால் தலைமையாசிரியர் அவர் பக்கம் நிற்க வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டால் அவர் டிரான்ஸ்பருக்கு மனுப் போட்டுக்கொண்டேதான் இருப்பார். ஆள் எடுத்த கணக்கு மட்டும் ஏட்டில் இருக்கும்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை மூன்று சொல்கிறேன். ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு மனுப் போடுங்கள். எத்தனை பின்னடைவுப் பணியிடங்கள், எத்தனை தலித் ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் தலைமையாசிரியர்கள் என்று கேளுங்கள். இரண்டு, ஊர் நூலகத்தில், சமுதாயக் கூடத்தில் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி நடத்துங்கள். தேர்வைத் திட்டிக்கொண்டே தேர்வில் ஜெயிக்கவும் வேண்டும். மூன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் உங்கள் பகுதிக்கு வந்தால் போய்ப் பாருங்கள். வீடு தேடிக் கொடுங்கள். பிரச்சினை வந்தால் கூட நில்லுங்கள். செப்டிமா கிளார்க்குக்கு 26 பேர்தான் பதில் போட்டார்கள். நம் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினால் எத்தனை பேர் பதில் போடுவோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.