கதையைத் தொடரும் கைகள்

(பலெர்மோ வாழ் தமிழ்ப் பெற்றோர், இளையோர் சந்திப்புக்கான உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழ் இல்லங்களில் இன்று பரவலாகக் கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. "பிள்ளை வாசிக்கின்றது, ஆனால் தமிழில் வாசிப்பதில்லை. வாசிப்பதும் ஒழுங்கான புத்தகம் அன்று. ஹாரி பாட்டர் கதைக்கு யாரோ ஒரு பிள்ளை எழுதிய தொடர்ச்சியைக் கைப்பேசியில் இரவிரவாக வாசிக்கின்றது." இம்முறைப்பாட்டின் முதற்பாதி நியாயமானது. பிற்பாதியோ மீள்பரிசீலனைக்கு உரியது.

ஒரு நூலில் மனம் பறிகொடுத்த வாசகர், அதன் மாந்தரைக் கொண்டு தாமே எழுதும் கதையை ரசிகர் புனைவு என்பர். இது இணையம் பெற்றெடுத்த குழந்தை என்று பலர் கருதுகின்றனர். அது பிழை என்பதற்குப் பலெர்மோ நகரமே சான்று.

இந்நகரின் பெருமைகளுள் ஒன்று 'ஓப்பெரா தெய் பூப்பி' எனப்படும் பொம்மலாட்டம். யுனெஸ்கோ 2001 ஆம் ஆண்டில் இதனை மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. கவசம் பூண்டு வாளேந்தி மோதும் ஓர்லாந்தோ, ரினால்தோ ஆகிய பொம்மைகளை இங்குள்ள பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்பர். அவ்வீரர்களின் கதை எப்படி வளர்ந்தது? போயார்தோ என்னும் கவிஞர் ஓர்லாந்தோவைப் பற்றி ஒரு காவியம் எழுதி, அதனை முடிக்காமலே 1494 இல் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து அரியோஸ்தோ என்னும் மற்றொரு கவிஞர் தொடர்ந்தார். 1516 இல் முதலில் வெளிவந்து, 1532 இல் 46 காண்டங்களாக நிறைவுபெற்ற அந்தத் தொடர்ச்சியே இன்று இத்தாலிய இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. பின்னர் 1858 முதல் 1860 வரை, ஜூஸ்தோ லோ தீக்கோ என்பவர் இவ்வீரர் கதைகளையெல்லாம் தொகுத்துப் பலெர்மோவில் பகுதி பகுதியாக வெளியிட்டார். பொம்மலாட்டக் கலைஞர்கள் அதனை எடுத்து, இரவுக்கு ஒரு பகுதியாக மாதக்கணக்கில் ஆடினர். பிறர் கதையைத் தொடர்ந்து எழுதுதல் தாழ்வென்றால், பலெர்மோவின் பெருமையும் தாழ்வாகிவிடும்.

இதில் தமிழருக்கும் ஓர் உறவு உண்டு. அதே சார்லமேன் மன்னனின் கதை கடல் கடந்து மலையாளக் கரைக்கு வந்து, தமிழ் பெரிதும் கலந்த மொழியில் சவிட்டு நாடகமாக ஆடப்பட்டது. அதனை ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு.

தமிழ் இலக்கியத்திற்கே வருவோம். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகளாக வரும் மணிமேகலையைத் தலைவியாக்கி, சீத்தலைச் சாத்தனார் தனிக் காப்பியம் படைத்தார். கம்பரோ, வான்மீகியில் திருமணத்துக்கு முன் ஒருவரையொருவர் காணாத இராமனையும் சீதையையும் மிதிலை வீதியில் கண்ணோடு கண் நோக்க வைத்தார். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, மாந்தர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டனர். கல்கி முடிவுரை எழுதி விடை கூற வேண்டியதாயிற்று. அதன்பின் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதி அக்கதையைத் தொடர்ந்தார். "பிறகு என்ன நடந்தது?" என்ற கேள்வியே இவை அனைத்திற்கும் வேர்.

கணினித் துறையில் இருப்போர் இதனை எளிதில் உணர்வர். மற்றொருவர் எழுதிய மூலநிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால், முதலில் அதனை முழுதாக வாசித்து, ஒவ்வொரு பகுதியும் ஏன் அவ்வாறு அமைந்தது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கதையைத் தொடர்வதும் அவ்வாறே. தொடர்ந்து எழுதும் பிள்ளை மேலோட்டமாக வாசித்த பிள்ளை அன்று; மிக ஆழமாக வாசித்த பிள்ளை.

அப்படியானால் கவலை எங்கே இருக்க வேண்டும்? அந்தப் பிள்ளை தொடர விரும்பும் கதைகளுள் பெற்றோரின் கதை இல்லை என்பதில் இருக்க வேண்டும்.

சயந்தன் எழுதிய 'ஆறாவடு' என்னும் நாவல் 2010களின் தொடக்கத்தில் தமிழினி வெளியீடாக வந்தது. ஈழத்துப் போரின் நடுவே வளர்ந்த ஓர் இளைஞன், படகேறி இத்தாலி நோக்கிப் புறப்படுகின்றான். ஆம், இத்தாலி. இந்நாட்டில் வாழும் தமிழர் எவரும் அந்நாவலை வெறும் கதையாக வாசித்துவிட இயலாது. அதன் முடிவை இங்கே கூறுதல் முறையன்று; ஆனால் புத்தகத்தை மூடிய பின்பும் கடல் ஓசை அடங்குவதில்லை. தந்தையோ தாயோ எவ்வழியாக இந்நாட்டை வந்தடைந்தார் என்று இங்கு பிறந்த எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வேலை, வாடகை, ஓய்வின்மை, மீண்டும் நினைக்க அஞ்சும் துயரம் என மௌனத்திற்குக் காரணங்கள் பல. எனினும் சொல்லப்படாத கதையை எந்தப் பிள்ளையும் தொடர முடியாது.

"எங்கள் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கின்றது?" என்று சிலர் கேட்கலாம். பலெர்மோவில் பிறந்த ஜுசெப்பே தொமாசி தி லம்பெதூசா, ஐம்பது வயது கடந்த பின்னரே, தம் கொள்ளுத்தாத்தாவை மனத்திற்கொண்டு 'இல் கத்தோபார்தோ' நாவலை எழுதினார். பதிப்பகங்கள் மறுத்தன. 1957 இல் அவர் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அந்நூல் இன்று சிசிலியின் அடையாளம். குடும்ப நினைவு இலக்கியமாவதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை; சொல்ல வேண்டியவர் மறைந்துவிட்டால் மட்டுமே கடந்துவிடுகின்றது.

எனவே பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, பிள்ளை வாசிக்கும் கதையை இகழாமல், "அதில் என்ன நடக்கின்றது? தமிழில் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். திக்கித் திணறிச் சொன்னாலும் இடையில் திருத்தாமல் முழுதும் கேளுங்கள். இரண்டாவது, வாரம் ஒருநாள், உணவுக்குப் பின் அரைமணி நேரம், ஒரு தமிழ் நாவலின் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசியுங்கள். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களால் வந்தியத்தேவனை அறிந்த பிள்ளைகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' நல்ல தொடக்கம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் செவி உண்டு.

இளையோருக்கு வேண்டுகோள் ஒன்றே. ஹாரி பாட்டரைத் தொடர்ந்து எழுதுங்கள், தடையில்லை. அதே கையால் அம்மாவின் பயணத்தையும் எழுதுங்கள். அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். தமிழில் பத்து வரி, இத்தாலியத்தில் பத்துப் பக்கம் என்றாலும் குறையில்லை. அடுத்த ஆண்டு பத்து வரி இருபது ஆகட்டும்.

போயார்தோ விட்டுச்சென்ற ஏட்டை எடுக்க ஓர் அரியோஸ்தோ இருந்தார். இங்குள்ள தாய் தந்தையர் பாதியில் நிறுத்திய கதைகளை எடுக்க இங்குள்ள பிள்ளைகளைத் தவிர வேறு எவரும் வரப்போவதில்லை.