எட்டு லட்சமும் அறுபது நாளும்

என் அக்கா பேரன் லண்டன் உத்தியோகத்துக்கென்று ஓர் ஏஜெண்டிடம் எட்டு லட்சம் கொடுத்தான். போனால் அங்கே வேலையே இல்லை. பிறகு கம்பெனியின் ஸ்பான்ஸர் லைசென்ஸும் ரத்தாயிற்று. வேறு ஸ்பான்ஸர் தேட 60 நாள்தான் அவகாசம். கிடைக்காமல் திரும்பிவிட்டான். அவன் அம்மாவின் நகைகள் இன்னும் அடகில் இருக்கின்றன.

லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலை பிரிட்டிஷ் சர்க்காரே தன் வலைத்தளத்தில் இலவசமாகப் போடுகிறது. அதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது (இவன் கம்பெனியும் இருந்ததே!). ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில், 2024 டிசம்பர் 31 முதல் வழங்கும் ஸ்பான்ஸர்ஷிப் சான்றிதழின் கட்டணத்தைக் கம்பெனி ஊழியர் தலையில் கட்டக்கூடாது என்பது விதி. சான்றிதழுக்கு யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். அந்தப் பிள்ளை நமஸ்காரம் பண்ணியபோது ஆஃபர் லெட்டரைக் காட்டு என்று கேட்கவில்லை.