சூரைச்செடியின் கீழ் ஒருவர்: சர்க்கரை நோயும் கவலையும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஐயா அளித்த செய்தி)



கோவில்பட்டி வட்டாரத்துச் சேகரங்களிலிருந்தும் தூர ஊர்களிலிருந்தும் இந்த ஊழியத்தைத் தாங்குகிற உங்களை ஒருமித்துப் பார்ப்பது எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். சற்று முன்பு காப்பி கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தோம். "எனக்குச் சீனி இல்லாமல்" என்ற குரல் எல்லா வரிசையிலிருந்தும் வந்தது! ஆகவே இன்றைய பொருளைப் பற்றி அதிகம் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை.

நம் தேசத்தில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்ற காலம் போய்விட்டது. மானாவாரிக் காட்டில் உளுந்து பிடுங்குகிறவருக்கும், தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும் இன்று அது இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். சிஸ்டர் ஊசி போடக் கற்றுக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கிறார்களே, அந்த நேரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவது, எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன்பாக அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தாயார் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தீப்பெட்டி ஆபீசில் வேலை. சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிய வந்திருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "ஐயா, ராத்திரி கண்ண மூட முடியல. எங்கம்மாவுக்கு இதே சீக்குல கால எடுத்தாக. எனக்கும் அப்பிடி ஆயிருமோன்னு நெனப்பு" என்றார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "விசுவாசி கவலைப்படக் கூடாதம்மா. கவலைப்படுவது அவிசுவாசம். ஜெபம் பண்ணுங்கள்" என்றோம். ஜெபித்து அனுப்பிவிட்டோம். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஏழு மாதம் கழித்துக் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மகனோடு வந்தார். காட்டில் சீமைக்கருவேல முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. புண் உள்ளே போய்விட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டவருடைய கிருபையால் பாதம் தப்பியது. வார்டில் அவரிடம், "ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டோம். "கவலப்பட்டா அவிசுவாசம்னு சொன்னீக. ஆசுபத்திரிக்கு வந்தா கவல வருது. அதான் வரல" என்றார்.

அந்த வார்த்தை எங்களை இன்றைக்கும் விட்டுப் போகவில்லை.

அன்று மாலை எலியாவின் சரித்திரத்தை மறுபடியும் எடுத்து வாசித்தோம். கரிசல்காட்டு ஜனங்களுக்கு எலியாவை அதிகம் விளக்க வேண்டாம். மழையில்லாத வருஷங்களின் தீர்க்கதரிசி அவர். கடைசியில் உள்ளங்கையளவு மேகம் எழும்பிப் பெருமழை கொட்டியதை 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். ஐப்பசியில் வானத்தை அண்ணாந்து பார்க்கிற நமக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே அதே எலியா பயந்து ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாக வேண்டும் என்கிறார். அவ்வளவு பெரிய விசுவாசிக்கும் அப்படி ஒரு நாள் வந்தது.

கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? முதலில் தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். பிறகு நடக்க வைத்தார். அவருடைய புலம்பலை இரண்டு முறை கேட்டார். கடைசியாக, நீ தனியாள் அல்ல என்று காட்டி, எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். ஆகாரம், தூக்கம், நடை, மனம் திறந்த பேச்சு, துணை. நம்முடைய டாக்டர் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லுகிறதும் ஏறக்குறைய இவைகளைத்தானே!

இன்னொரு ஊழியரையும் நினைக்க வேண்டும். டாக்டர் பால் பிராண்ட், மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுடைய விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அவர்களுக்கு வலி தெரியாததால்தான் காயத்தின் மேல் காயம் பட்டு விரல்கள் போகின்றன என்பதை அவர் கண்டு காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் பணி செய்தபோது, அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கும் உபயோகித்தார். வலி ஒரு காவற்காரன், அவன் இல்லாத வீடு கொள்ளை போகும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கற்றுத் தந்த பாடம்.

கவலையும் அப்படிப்பட்ட ஒரு காவற்காரன்தான் என்று இப்போது நம்புகிறோம். அந்தத் தாயார் தன் காலைப் பற்றிக் கவலைப்பட்டது சரியான கவலை. "காலைத் தினமும் பாருங்கள், செருப்பில்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கவலைக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். நாங்களோ காவற்காரனின் வாயைப் பொத்திவிட்டோம்.

ஆனால் காவற்காரன் ராமுழுதும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் வீட்டார் தூங்க முடியாது. 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நீண்ட துக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். துக்கம் மட்டுமே நோயைக் கொண்டுவந்துவிடாது. ஆனாலும் பயமும் மனப்பாரமும் அதிகமாகும்போது உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகள் கூடுகின்றன. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. சர்க்கரை கூடினதைப் பார்த்துக் கவலை, கவலையால் மேலும் சர்க்கரை என்று செக்குமாடுபோல் சுற்றி வருகிறோம்.

ஆகவே நோயாளிகளிடம் இப்பொழுது ஒரு காரியம் செய்யச் சொல்லுகிறோம். ஒரு தாளில் மனதை வருத்துவதையெல்லாம் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். இன்று நான் செய்யக் கூடியது எது? டாக்டரிடம் கேட்க வேண்டியது எது? கர்த்தருடைய கையில் விட வேண்டியது எது? முதலாவதை இன்றே செய்யுங்கள். இரண்டாவதை அடுத்த முறை வரும்போது கொண்டு வாருங்கள். மூன்றாவதை ஜெபத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.

டாக்டரிடம் கேட்கிற கேள்விகளுக்கு நல்ல பதில்கள் உண்டு. "கண் போய்விடுமா, கிட்னி போய்விடுமா?" என்பது பெரிய பயம். புதிதாக நோய் கண்ட 5,102 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த இங்கிலாந்து ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. "என் பிள்ளைக்கும் வருமா?" என்பது அடுத்த பயம். சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நடையாலும் உணவு மாற்றத்தாலும் நோய் வருவது நூற்றுக்கு 28 அளவில் குறைந்தது. அம்மாவுக்கு நடந்ததுதான் மகளுக்கும் நடக்கும் என்று எழுதி வைத்திருக்கவில்லை.

இன்னும் சில எச்சரிப்புகளைச் சொல்ல வேண்டும்.

கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்தால் உடனே கவலை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போதும் அப்படியே இருக்கும். சோதித்துப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால், அல்லது சோதிக்க வசதி இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடியும் பாருங்கள். நம்மூர்க் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த வேளைக்கு அது உதவாது. கடலையிலுள்ள எண்ணெய், சர்க்கரை இரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள், விசேஷமாக இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுக்கிறவர்கள், டாக்டரைக் கேளாமல் இருக்க வேண்டாம். ஒரு வேளை ஆகாரத்தைவிட ஒரு வேளைக் கோபத்தை விடுவது கர்த்தருக்கு அதிகப் பிரியமாயிருக்கும்.

ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "சுகமாகிவிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்தி, மயங்கிய நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆண்டவர் சுகமாக்குகிறவர் என்பதை நாங்கள் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறோம். சுகம் கொடுத்திருந்தால் அது இரத்தப் பரிசோதனையிலும் தெரியும். டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். 1921இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடிக்கச் செய்ததும் அவருடைய கிருபைதானே.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். டாக்டரிடமும் எங்களிடமும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. அதில் வெட்கம் இல்லை.

கடைசியாக வீட்டாருக்கும் சபையாருக்கும் ஒரு வார்த்தை. எலியாவுக்கு ஒரு எலிசா தேவைப்பட்டார். போலீஸ்காரர் தேவைப்படவில்லை! அசன விருந்தில் ஒருவர் இலையைப் பார்த்து, "உமக்குத்தான் சுகர் ஆச்சே, இவ்வளவு சோறா?" என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். அடுத்த அசனத்தில் சோற்றைக் குறைத்து வைத்து, காய்கறிக் கூட்டையும் பருப்பையும் கூட்டிப் பரிமாறுங்கள். கம்பும் குதிரைவாலியும் நல்லவைதான், அவையும் அளவோடுதான். சாயங்காலம் நடக்கப் போகிறவரிடம் "நடந்தீரா?" என்று கேட்பதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள்.

அந்தத் தாயாரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "போகட்டும் ஐயா, இப்பயாவது வெளங்குச்சே" என்றார். அவர் சொன்னது எங்களையா தன்னையா என்று இன்னும் தெரியவில்லை! இன்று எம்.சி.ஆர். செருப்போடு தவறாமல் வருகிறார். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன்பு பேரன் டார்ச் அடித்துப் பாட்டியின் இரண்டு பாதங்களையும் பார்க்கிறான். பிறகுதான் ஜெபம். கவலை முற்றிலும் போய்விட்டதா என்று கேட்டோம். "இருக்கு. பாதத்தப் பாத்து முடிச்சதும் படுத்துரும்" என்றார்.

நம் சம்சாரிகள் புரட்டாசியில் வானத்தை நம்பித்தான் விதைக்கிறார்கள். மழை அவர்கள் கையில் இல்லை. ஆனால் உழவும் விதையும் அவர்கள் கையில் இருக்கிறது. அன்றன்றுள்ள வேலையைச் செய்துவிட்டு, மேகத்தைக் கர்த்தரிடம் விடுகிறார்கள். சர்க்கரை நோயோடு வாழ்கிறவருக்கும் இதுவே வழி.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை ஏழை ஒருவரின் காலுக்குச் செருப்பாகவும், ஒரு மாதத்து மருந்தாகவும் மாறுகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். அதோடு ஒன்றையும் கேட்கிறோம். உங்கள் தெருவில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் பிரசங்கம் பண்ணாமல், கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் ஒவ்வொருவரின் இருதயத்தையும் சரீரத்தையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.