பொட்டை எண்ணிப் பாருங்கள்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் கனகசெட்டிக்குளம். கடலை நோக்கிப் போகும் மணல் பாதையோரம் எருக்கு ஆளுயரத்துக்கு நிற்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட மட்டும் தேடிப் போகிற செடி. மற்ற நாளில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் தாய்வீடு.

பெயரே நிறத்தைச் சொல்லிவிடுகிறது. வெந்தயத்தை இளம் சூட்டில் வறுத்தால் வருமே, அந்தச் செம்மஞ்சள். முன்சிறகின் முனை கறுப்பு, அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை. இதே பூச்சி ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கக் கடலோரங்களிலும் பறக்கிறது. 1758இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதற்கு வெகு காலம் முன்பே, 3,300 ஆண்டுகளுக்கும் மேலாகிறது, எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியன் இதைத் தீட்டி வைத்துவிட்டான்!

படம் எடுக்கக் காலை வேளைதான் நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் இது சிறகை விரித்துக் குளிர்காயும். நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது. குனிந்து, மெல்ல நெருங்கி, சிறகு முழுவதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். அவசரமே வேண்டாம், இது நிதானமாகப் பறக்கிற பூச்சி.

அப்படி எடுத்த ஒரு படத்துக்கு வெந்தய வரியன் என்றே பெயர் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பின்சிறகு கண்ணில் பட்டது. வெந்தய வரியனில் பெண்ணுக்கு அங்கே மூன்று கறும்பொட்டுகள். ஆணுக்கு நான்கு, நான்காவது, மணம் சுரக்கும் பை. என் படத்திலோ விளிம்போரம் ஒரே ஒரு பொட்டு!

அது டனெய்ட் எக்ஃப்ளை என்கிற வேறு இனத்தின் பெண். அதன் ஆணைப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே முடியாது. கருங்கறுப்புச் சிறகு, பக்கத்துக்கு மூன்று வெள்ளை வட்டங்கள், வட்டத்தைச் சுற்றி ஊதா மினுக்கம்.

பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வேஷம்? விடை எருக்கம்பாலில் இருக்கிறது. வெந்தய வரியனின் புழு நஞ்சுள்ள அந்த இலையைத்தான் தின்கிறது. முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகு சாவகாசமாக மேய்கிறது. வெள்ளை உடம்பில் கறுப்பு வளையங்கள், மஞ்சள் புள்ளிகள், மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள். அந்த நஞ்சு சிறகு முளைத்த பிறகும் உடம்பில் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திக் குமட்டிய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. நஞ்சே இல்லாத டனெய்ட் எக்ஃப்ளை பெண்ணும் அதே நிறத்தைப் போர்த்திக்கொண்டு பிழைக்கிறது. அது முட்டையிடுவது எருக்கில் அல்ல; தரையோடு படரும் பருப்புக்கீரையில்.

இரண்டு செடிகளையும் களை என்று வெட்டி எறிகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் வீட்டு வேலியோரம் எருக்கு இருந்தால் நாளைக் காலை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றை முட்டை ஒட்டியிருக்கும், கடுகைவிடச் சிறியதாக.